கவாசாகி நோயும் எதிர்ப்பொருள் சிகிச்சையும்: குழந்தையின் வெள்ளையணுக்களில் என்ன நிகழ்கிறது?

கவாசாகி நோய் கண்ட குழந்தைக்குக் கொடுக்கப்படும் முதன்மையான மருந்து, வேதிப்பொருள்களைக் கலந்து தயாரிக்கப்படுவதன்று. ஆயிரக்கணக்கான கொடையாளர்கள் அளித்த பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் திரவப் பகுதியை, ஒன்றாகத் திரட்டி, அதிலிருந்து எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடிகளை) மட்டும் பிரித்தெடுத்துத் தூய்மைப்படுத்திய திரவம் அது. அதன் பெயர் இம்யூனோகுளோபுலின். சிரை வழியாக ஏற்றப்படுவதால் மருத்துவமனைகளில் சுருக்கமாக 'ஐவிஐஜி' என்பார்கள். இதை முதன்முறை கேள்விப்படும் பெற்றோருக்கு ஒரு ஐயம் எழுவது இயல்பு. நோயெதிர்ப்பு மண்டலம் அளவுக்கு மீறிக் கொதித்தெழுவதால் வரும் நோய் இது என்கிறார்கள். எதிர்ப்பொருளோ அந்த மண்டலத்தின் ஆயுதம். அதையே மேலும் அள்ளிக் கொடுத்தால் கொதிப்பு எப்படி அடங்கும்? இந்தக் கேள்விக்கான விடையை, குழந்தையின் இரத்தத்தில் ஓடும் வெள்ளையணுக்களின் பக்கம் நின்று பார்க்க முயல்வோம்.

முதலில் நோயைப் பற்றிச் சிறிது. டோக்கியோவில் செஞ்சிலுவை மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் டொமிசாகு கவாசாகி, 1961இல் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனிடம் எந்தப் பாடநூலிலும் இல்லாத ஒரு நோய்க்கோலத்தைக் கண்டார். அதே கோலத்தில் வந்த குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் குறித்துவைத்து, 50 குழந்தைகளின் விவரங்களோடு 1967இல் ஜப்பானிய மொழியில் கட்டுரை வெளியிட்டார். அவர் விவரித்த அடையாளங்களே இன்றும் நோயறியப் பயன்படுகின்றன: ஐந்து நாட்களோ அதற்கு மேலோ இறங்காத காய்ச்சல், பீளை கட்டாமலே சிவந்த இரு கண்கள், வெடித்த உதடும் ஸ்ட்ராபெர்ரிப் பழம்போல் தடித்த நாக்கும், உடம்பில் தடிப்பு, வீங்கிச் சிவந்து பிறகு விரல்நுனியில் தோல் உரியும் கைகால்கள், கழுத்தில் ஒரு பக்கம் கட்டும் நெறி. நோய் காண்பவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். முதல் சில நாட்கள் இதை அம்மை என்றோ மருந்து ஒவ்வாமை என்றோ எண்ணிவிடுவது எளிது. பிறந்தவுடன் பிசிஜி தடுப்பூசி போடும் ஜப்பான், இந்தியா போன்ற நாடுகளில் இன்னொரு தடயமும் உதவுகிறது. சில குழந்தைகளுக்குத் தோளிலுள்ள பிசிஜி தழும்பு, காய்ச்சல் நாட்களில் திடீரென்று சிவந்து தடிக்கும். தம் குழந்தையிடம் இதைக் காணும் பெற்றோர் மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும்.

சிகிச்சை இல்லாவிட்டாலும் காய்ச்சல் இரண்டொரு வாரங்களில் தானாகவே தணிந்துவிடும் என்பதுதான் இந்த நோயின் வஞ்சகம். உண்மையான ஆபத்து இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோனரி தமனிகளில் இருக்கிறது. நோய் தொடங்கி ஆறு முதல் எட்டு நாட்களில் அந்தத் தமனிகளில் அழற்சி தோன்றுகிறது. பத்தாம் நாளையொட்டி அது சுவரின் எல்லா அடுக்குகளுக்கும் பரவுகிறது. இழுபட்டுச் சுருங்கும் தன்மையைத் தரும் நார்கள் அறுந்துபோன சுவர், இரத்த அழுத்தத்தைத் தாங்காமல் புடைத்துக்கொள்ளும்; இதையே அனூரிசம் என்கிறோம். சிகிச்சை பெறாத குழந்தைகளில் நான்கு அல்லது ஐந்து பேரில் ஒருவருக்கு இந்தக் கேடு நேர்கிறது. உரிய நேரத்தில் எதிர்ப்பொருள் ஏற்றப்பட்டால் அது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவாகச் சுருங்குகிறது. நோய் தொடங்கிய பத்து நாட்களுக்குள், இயன்றவரை அதற்கும் முன்பே, மருந்தை ஏற்றிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுவதன் காரணம் மேலே சொன்ன கால வரிசையில்தான் உள்ளது.

இனி எதிர்ப்பொருளுக்கு வருவோம். ஐவிஐஜி திரவத்தில் இருப்பவை பெரும்பாலும் 'ஐஜிஜி' வகை எதிர்ப்பொருள்கள். அதன் வடிவம் கவட்டைக் குச்சியை ஒத்தது: மேலே இரு கிளைகள், கீழே ஒரு காம்பு. கிளைகளின் நுனி கிருமியையோ நச்சையோ அடையாளம் கண்டு பற்றுகிறது. ஒவ்வொரு எதிர்ப்பொருளிலும் நுனி வெவ்வேறாக இருப்பதால்தான் ஒன்று தட்டம்மைக் கிருமியையும் மற்றொன்று டெட்டனஸ் நச்சையும் பற்றுகின்றன. காம்பு அப்படியன்று, அது ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மாதிரியானது. வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் இந்தக் காம்பைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஏற்பிகள் உள்ளன. கிளைகள் வெளியுலகைப் பார்க்கின்றன, காம்பு நம் சொந்த அணுக்களோடு பேசுகிறது என்று நினைவில் வைத்துக்கொண்டால் இனி வருபவை எளிதில் விளங்கும்.

காம்பைப் பிடிக்கும் ஏற்பிகளில் இரு வகை உண்டு. பெரும்பாலானவை அணுவைத் தூண்டிவிடுபவை. ஒன்று மட்டும் அடக்கிவைக்கிறது. ஒரு கிருமியின் மேல் நூற்றுக்கணக்கான எதிர்ப்பொருள்கள் வரிசையாக ஒட்டியிருக்கும்போது, அவற்றின் காம்புகள் தூண்டும் ஏற்பிகள் பலவற்றை ஒரே நேரத்தில் இழுத்துச் சேர்க்கின்றன. அணு சினந்து தாக்குகிறது. எதிர்ப்பொருள்கள் எதையும் பற்றாமல் தனித்தனியே மிதந்து வந்து ஏற்பிகளில் அமர்ந்தால் அத்தகைய சினம் எழுவதில்லை. மாறாக, தாக்குதலுக்குத் தூண்டும் வேறு பொருள்களுக்கு அந்த இருக்கைகள் கிடைக்காமல் போகின்றன. எதிர்ப்பொருளின் அளவும் அது வந்தடையும் விதமும் மாறினால் விளைவே தலைகீழாகலாம் என்பது இங்கிருந்து தொடங்குகிறது.

அளவைப் பார்ப்போம். பிறவியிலேயே எதிர்ப்பொருள் சுரக்காத குழந்தைகளுக்கு, கிருமிகளிடமிருந்து காக்கும் பொருட்டு, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு கிலோ எடைக்குச் சுமார் 400 முதல் 600 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். கவாசாகி நோய்க்கோ ஒரு கிலோ எடைக்கு 2 கிராம், ஒரே தவணையாக, பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஏற்றப்படுகிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை என்றால் 20 கிராம். அந்தக் குழந்தையின் பிளாஸ்மாவில் இயல்பாக இருக்கும் ஐஜிஜி ஒரு சில கிராம் மட்டுமே என்பதை எண்ணினால், ஓர் இரவுக்குள் இரத்தத்தின் தன்மையே எவ்வளவு மாறிவிடுகிறது என்பது புரியும். அணுக்கள் இதுவரை கண்டிராத ஓர் எதிர்ப்பொருள் வெள்ளத்தில் நிற்கின்றன.

இந்த அளவு ஒரே நாளில் முடிவானதன்று. 1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பால் இம்பாக்கும் அவருடைய குழுவினரும், உடல் தன் தட்டணுக்களைத் தானே அழித்துக்கொள்ளும் நோயுள்ள குழந்தைகளுக்கு எதிர்ப்பொருளைப் பேரளவில் கொடுத்தபோது தட்டணுக்கள் விரைந்து உயர்வதைக் கண்டார்கள். அதுவரை குறையை நிரப்பும் பொருளாகவே கருதப்பட்டது, அழற்சியை அடக்கும் மருந்தாகவும் ஆகக்கூடும் என்பதற்கு அதுவே பெரிய சான்று. 1984இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதைக் கவாசாகி நோயில் பயன்படுத்தி, ஐந்து நாட்கள் சிறு தவணைகளாக ஏற்றிய குழந்தைகளுக்குத் தமனிப் புடைப்பு குறைவாக இருப்பதைக் காட்டினார்கள். 1991இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, நாலு நாள் சிறு தவணைகளைவிட ஒரே பெருந்தவணை மேலானது என்று நிறுவியது. இன்று அதுவே உலகெங்கும் நடைமுறை. இதற்கும் அணுக்களின் கதைக்கும் நேர்த்தொடர்பு உண்டு: மொத்த அளவு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தும், ஒரேயடியாக உயரும் செறிவு கூடுதலாக வேலை செய்கிறது.

அழற்சியின் முதல் அலையில் முன்னிற்பவை நியூட்ரோஃபில்கள். இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் எண்ணிக்கையில் மிகுந்தவை இவைதாம். எலும்பு மஜ்ஜையில் நாள்தோறும் கோடிக்கணக்கில் பிறந்து, குறுகிய காலமே வாழ்ந்து மடிபவை. கிருமியைக் கரைக்கும் நொதிகளையும் ஆக்ஸிஜனிலிருந்து உருவாகும் கூர்மையான வேதிப்பொருள்களையும் தமக்குள் பொதிந்து வைத்திருக்கின்றன. பொதியைத் தவறான இடத்தில் அவிழ்த்தால் சேதம் சொந்த உடலுக்குத்தான். கவாசாகி நோயின் காய்ச்சல் நாட்களில் இரத்தப் பரிசோதனையில் இவற்றின் எண்ணிக்கை உயர்ந்திருக்கும். இறந்த குழந்தைகளின் தமனிகளை ஆராய்ந்தவர்கள், தொடக்க நாட்களில் சுவருக்குள் முதலில் குவிந்தவை இவையே என்று கண்டிருக்கிறார்கள். தமனியின் மீள்நார்களை அரிக்கும் எலாஸ்டேஸ் என்ற நொதியும் இவற்றின் பொதியில் உள்ளதே.

2021இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவுகள் இந்தப் படத்தைத் துலக்கின. எதிர்ப்பொருள் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் குழந்தைகளிடமிருந்து எடுத்த இரத்தத்தில் ஒவ்வொரு வகை வெள்ளையணுவையும் தனித்தனியே அளந்து அவர்கள் ஒப்பிட்டார்கள். சிகிச்சைக்கு முன் நியூட்ரோஃபில்கள் மிகுந்த கிளர்ச்சியில் இருந்தன. காய்ச்சலையும் அழற்சியையும் மூட்டிவிடும் 'இன்டர்லூக்கின்-1 பீட்டா' என்ற செய்திப்பொருளின் முக்கிய ஊற்று அவையே என்பது தெரிந்தது. சிகிச்சைக்குப் பின், அந்தச் செய்திப்பொருளை ஏந்திய கிளர்ந்த நியூட்ரோஃபில்கள் இரத்தத்தில் குறைந்துவிட்டன. அவை எங்கே போயின என்று அறிய, சோதனைக்கூடத்தில் நியூட்ரோஃபில்களோடு ஐவிஐஜியை நேரடியாகச் சேர்த்து நுண்ணோக்கியில் தொடர்ந்து படம்பிடித்தார்கள். அணுக்கள் மடிந்தன. முதுமையில் அணு தன்னைத்தானே அமைதியாக முடித்துக்கொள்ளும் வழக்கமான வழியில், கேஸ்பேஸ் எனும் நொதிகளைக் கொண்டு அவை மடியவில்லை. ஆக்ஸிஜன் வேதிப்பொருளை உண்டாக்கும் தம் சொந்தக் கருவியே முடுக்கப்பட்டு, அதன்வழி மடிந்தன. எதிரியின்மேல் வீச வைத்திருந்த படைக்கலத்தாலேயே அந்த அணு வீழ்கிறது.

இது மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்பது என் எண்ணம். ஏற்றி முடித்த சில மணி நேரத்திலேயே பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் இறங்குவதைப் படுக்கையருகே நிற்கும் எவரும் பார்க்கலாம். புதிய அணுக்கள் பிறந்து வளர்ந்து அமைதியை நிலைநாட்டுவதற்கு அத்தனை குறுகிய நேரம் போதாது. இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் கிளர்ந்த அணுக்கள் விரைவாக நீங்குவது அந்த வேகத்தோடு பொருந்துகிறது. சிகிச்சைக்குப் பிந்தைய ஓரிரு நாட்களில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை சட்டென்று சரிவதும், சில குழந்தைகளுக்கு இயல்பைவிடக் கீழே போவதும் மருத்துவர்கள் அறிந்ததே. அது பெரும்பாலும் தானாகவே மீண்டுவிடும். அறிக்கையில் அந்த எண்ணைப் பார்த்துப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை.

நியூட்ரோஃபில்களை அடுத்து வருபவை மோனோசைட்டுகளும், அவை திசுவுக்குள் புகுந்து உருமாறிய மேக்ரோஃபேஜ்களும். விழுங்குவதும், விழுங்கியதைப் பற்றிப் பிற அணுக்களுக்குச் செய்தி அனுப்புவதும் இவற்றின் பணி. நோயின் உச்சத்தில் மோனோசைட்டுகளில் கிளர்ந்த ஒரு பிரிவு இரத்தத்தில் பெருகுகிறது. ஐவிஐஜிக்குப் பிறகு குறைகிறது. இங்கே நடப்பது அணுக்களைக் கொல்வதைவிடக் குரலைத் தணிப்பது எனலாம். வெள்ளமாக வந்த காம்புகள் தூண்டும் ஏற்பிகளை அடைத்துக்கொள்கின்றன. அழற்சிச் செய்திகளை எழுதவைக்கும் உள்விசைகள் தளர்கின்றன. அடக்கும் ஏற்பியின் எண்ணிக்கை அணுவின் மேற்பரப்பில் கூடுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டின. காம்பின்மேல் ஒட்டியுள்ள சர்க்கரைச் சங்கிலியின் நுனியில் சயாலிக் அமிலம் இருக்கும் எதிர்ப்பொருள்களே இந்த அமைதிக்குக் காரணம் என்ற கருத்து 2006 முதல் வலுவாக முன்வைக்கப்பட்டது. எலிகளில் கண்டது மனிதரில் அதே அளவு பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. ஏற்பிகளின் பங்கை மறுக்க முடியாதபடி ஒரு சான்று மரபணுவிலிருந்தும் வந்தது. காம்பைப் பிடிக்கும் தூண்டல் ஏற்பிகளில் ஒன்றின் மரபணுவில் உள்ள சிறு வேறுபாடு, கவாசாகி நோய் வரும் வாய்ப்போடு தொடர்புடையது என்று 2011இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது.

மூன்றாவதாக டி அணுக்கள். இவை வேகமாகச் செயல்படுபவை அல்ல. ஆனால் நீடித்து நிற்பவை. கவாசாகி நோயின் தமனிச் சுவரில், கொல்லும் வகையைச் சேர்ந்த டி அணுக்களும் காணப்பட்டிருக்கின்றன. டி அணுக்களிலேயே, பிற அணுக்களைக் கட்டுக்குள் வைக்கும் நெறிப்படுத்தும் பிரிவு ஒன்று உண்டு. நோயின் உச்சத்தில் இது குறைந்தும், சிகிச்சைக்குப் பின் மீண்டும் பெருகியும் காணப்படுகிறது. இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது ஒன்று. நெறிப்படுத்தும் டி அணுக்களில் ஒரு பகுதி எதிர்ப்பொருளின் காம்பையே அடையாளமாகக் கொண்டு விழித்தெழுபவை என்று சான் டியாகோவில் நடந்த ஆய்வுகள் காட்டின. வெளியிலிருந்து வந்த எதிர்ப்பொருளை விழுங்கிய அணுக்கள், அதன் காம்பின் துண்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும்போது இந்த டி அணுக்கள் பெருகி, அமைதிப்படுத்தும் 'இன்டர்லூக்கின்-10' என்ற பொருளைச் சுரக்கின்றன. சிகிச்சை பெற்றும் தமனி புடைத்துவிட்ட குழந்தைகளில் இந்தப் பெருக்கம் சரிவர நிகழவில்லை என்பதையும் அதே ஆய்வுகள் குறிப்பிட்டன.

இவற்றுக்கு அப்பால், ஐவிஐஜியில் உள்ள எதிர்ப்பொருள்கள் அழற்சிச் செய்திப்பொருள்கள் சிலவற்றை நேரே பற்றி முடக்கவும், கிருமிகளைத் தாக்க உதவும், இரத்தத்திலுள்ள நிரப்புப் புரதங்கள் தமனிச் சுவரில் படியாமல் தடுக்கவும் செய்கின்றன. எது முதன்மை, எது துணை என்று தீர்ப்புச் சொல்லும் நிலைக்கு மருத்துவ அறிவியல் இன்னும் வரவில்லை. கவாசாகி நோயின் மூலகாரணமே கண்டறியப்படாத நிலையில் அது வியப்பன்று. ஒரே ஒரு பூட்டுக்கான சாவி என்று இந்த மருந்தை எண்ணாமல், வெவ்வேறு அணுக்களை வெவ்வேறு வேகத்தில் தொடும் ஒன்றாகப் புரிந்துகொள்வதே சரி: நியூட்ரோஃபில்களை மணிக்கணக்கில், மோனோசைட்டுகளை நாட்கணக்கில், டி அணுக்களை வாரக்கணக்கில்.

பத்து முதல் இருபது விழுக்காட்டுக் குழந்தைகளுக்கு ஒரு தவணை போதாமல் போகிறது. ஏற்றி முடித்து 36 மணி நேரத்துக்குப் பிறகும் காய்ச்சல் நீடித்தாலோ திரும்பினாலோ மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை என்று கொள்வார்கள். அப்போது இரண்டாம் தவணை, ஸ்டீராய்டு, இன்ஃப்ளிக்ஸிமாப் எனும் மருந்து ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்கிறார்கள். இன்டர்லூக்கின்-1இன் வழியை அடைக்கும் அனகின்ரா என்ற மருந்தும் சில மையங்களில் பயன்படுகிறது. நியூட்ரோஃபில்களே அந்தப் பொருளின் ஊற்று என்பதை மேலே கண்டதால், இந்தத் தெரிவின் காரணம் வாசகருக்கே புலப்படும். தொடக்கத்திலேயே ஆபத்து மிகுந்தவர்கள் எனக் கணிக்கப்படும் குழந்தைகளுக்கு ஐவிஐஜியுடன் ஸ்டீராய்டையும் சேர்த்துக் கொடுப்பது நன்மை பயக்கும் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது.

2020இல் கோவிட் தொற்றுக்குச் சில வாரங்களுக்குப் பின் பள்ளி வயதுக் குழந்தைகளிடம் தோன்றிய பல்லுறுப்பு அழற்சி நோய்க்கும் மருத்துவர்கள் ஐவிஐஜியைக் கையிலெடுத்தார்கள். சிவந்த கண், தடிப்பு, இறங்காத காய்ச்சல் எனத் தோற்றம் கவாசாகி நோயை நினைவூட்டியதே காரணம். மேலே சொன்ன 2021ஆம் ஆண்டின் ஆய்வில் இந்தக் குழந்தைகளும் இருந்தார்கள். இரு நோய்களிலும் நியூட்ரோஃபில்களின் கிளர்ச்சியும் சிகிச்சைக்குப் பிந்தைய குறைவும் ஒத்திருந்தன.

வீட்டில் இத்தகைய குழந்தை இருப்போர் அறிந்திருக்க வேண்டிய சில நடைமுறைச் செய்திகளும் இதே அறிவியலிலிருந்து பிறப்பவை. ஏற்றும்போது குளிர், காய்ச்சல், தலைவலி வரலாம். வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். கொடையாளர்களின் எதிர்ப்பொருள்களில் இரத்த வகைகளுக்கு எதிரானவையும் கலந்திருப்பதால், ஏ, பி, ஏபி வகைக் குழந்தைகளில் சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைந்து இரத்தசோகை ஏற்படலாம்; சிறுநீர் கறுத்தாலோ குழந்தை வெளிறினாலோ உடனே தெரிவிக்க வேண்டும். அழற்சியை அளக்கும் ஈஎஸ்ஆர் பரிசோதனை, எதிர்ப்பொருள் மிகுந்த பிளாஸ்மாவில் அழற்சி தணிந்த பிறகும் உயர்ந்தே காட்டும். ஆகவே சிகிச்சைக்குப் பின் சிஆர்பி என்ற மற்றோர் அழற்சிப் பரிசோதனையின் அளவையே நம்புகிறார்கள். உடன் கொடுக்கப்படும் ஆஸ்பிரினை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. ஆனால் அந்த நாட்களில் சளிக்காய்ச்சலோ சின்னம்மையோ கண்டால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும்.

தடுப்பூசியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதுவரை பெரும்பாலும் காம்பின் வேலையையே பேசினோம். கிளைகளும் சும்மா இருப்பதில்லை. கொடையாளர்களில் பலர் தட்டம்மை கண்டோ தடுப்பூசி பெற்றோ இருப்பதால், அந்தக் கிருமியைப் பற்றும் எதிர்ப்பொருள்களும் குழந்தையின் உடலில் பல மாதங்கள் தங்கும். அந்தக் காலத்தில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியையோ சின்னம்மைத் தடுப்பூசியையோ போட்டால், அதிலுள்ள வலுவிழந்த உயிருள்ள கிருமியை அவை வளரவிடாமல் முடக்கிவிடும். குழந்தையின் சொந்த அணுக்கள் எதையும் கற்றுக்கொள்ளாது. எனவே 2 கிராம் அளவில் ஐவிஐஜி பெற்ற குழந்தைக்கு இந்தத் தடுப்பூசிகளைப் பதினொரு மாதங்கள் தள்ளிப்போடுகிறார்கள். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி ஒன்பது மாதம் நிறைந்தும், பிறகு 16 முதல் 24 மாதங்களுக்குள்ளும் போடப்படுகிறது. கவாசாகி நோய் மிகுதியாகக் காணும் வயதும் அதுவே. ஊரில் தட்டம்மை பரவும் சூழல் இருந்தால் முன்னதாகவே ஒரு தவணை போட்டு, பதினொரு மாதம் கழிந்ததும் மீண்டும் போடச் சொல்வார்கள். போலியோ சொட்டு மருந்துக்கும், தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசிக்கும் இந்தக் காத்திருப்புத் தேவையில்லை. எதிர்ப்பொருள் ஏற்றிய தேதியையும் அளவையும் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே மருத்துவரைக் கொண்டு எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த ஊசிக்குச் செல்லும்போது அங்கே இருக்கும் செவிலியர் அதைப் பார்த்து நாளைக் கணக்கிட்டுக்கொள்வார்.